தியாகம் செய்யப் போன ஞாயிற்றுக்கிழமை

மொழி தெரியாமல் படம் பார்ப்பது உடம்புக்கு ஆகாது. மொழி தெரிந்தால் கதாநாயகன் உளறுகிறான் என்பது பிடிபட்டுவிடும். தெரியாதபோது, அவன் கண்ணில் தண்ணீர் வந்தாலே ஏதோ பெரிய தத்துவம் பேசுகிறான் என்று நம்பிவிடுகிறோம்.

மலாயா சுதந்திரம் வாங்கியிருந்த சமயம். எனக்குக் காஜா பேராங்கில் வீடு. தெங்கேராவிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வரும் மாணிக்கம் என் உயிர் நண்பன். எல்லாவற்றையும் சேர்ந்தே செய்து பழகிய நாங்கள், சரோஜாவையும் சேர்ந்தே காதலித்துத் தொலைத்தோம். (சரோஜாவுக்கு இது தெரியாது. அவள் என்னிடம் பேசியதெல்லாம் "சைக்கிளக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்பது மட்டும்தான்.) அவளுடைய அப்பா கோயில் கமிட்டித் தலைவர். அதனால் தோரணம் கட்டினோம், தண்ணீர்ப் பந்தல் போட்டோம், சாமிக்கே சந்தேகம் வரும் அளவுக்குப் பக்திமான்கள் ஆனோம்.

அவளை யார் பெண் கேட்பது என்பதில் வந்தது வினை. எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

அப்போதுதான் டவுனுக்கு அந்த இந்திப் படம் வந்தது. இரண்டு நண்பர்கள், ஒரு பெண். ஒருவன் தன் காதலை நண்பனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ரயிலேறிப் போகிறான். நான் தேம்பித் தேம்பி அழுதேன். முன்வரிசையில் என்னைவிட உரக்க ஒருவன் அழுதான். மாணிக்கம்தான். ஆனாலும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிறு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தியாகம் செய்யப் புறப்பட்டேன். சரோஜா வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. கமிட்டிக் கூட்டம் போல, சாட்சிக்கு நாலு பேர் இருப்பதும் நல்லதுதான் என்று நினைத்தேன் (புத்தி போன போக்கைப் பாருங்கள்). உள்ளே போய் அவள் அப்பாவைக் கும்பிட்டேன்.

"ஐயா, சரோஜா விஷயத்துல நான் மாணிக்கத்துக்கே விட்டுக்கொடுத்துட்டேன்."

அதன் பிறகுதான் கண் திறந்தது. வெற்றிலைத் தட்டு, பூ, பழம், கோட்டுப் போட்ட ஒரு வாலிபன். செமாபோக்கிலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்! ஓடலாம் என்று திரும்பினால், வாசலில் வீங்கிய கண்ணோடு மாணிக்கம். அவனும் வெள்ளைச் சட்டை.

"அவன் சொல்றத நம்பாதீங்கையா. விட்டுக்கொடுக்கிறது நான்தான்."

மாப்பிள்ளையின் அம்மா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பொண்ணு இத்தன நாளா இவங்க ரெண்டு பேரு கையிலயா இருந்துச்சு?"

மாப்பிள்ளை எழுந்துவிட்டான். சரோஜாவின் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். சிறுவயதில் ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்தவன் நான்; அப்போதுகூட இப்படி நடுங்கியதில்லை. ஒரு பாவமும் அறியாத பெண்ணின் கல்யாணத்தை, ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கெடுத்துவிட்டோமே!

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சரோஜா வந்தாள். முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் பிசகவில்லை.

"உக்காருங்கம்மா. எனக்குக் கூடப் பொறந்தவங்க இல்ல. கல்யாணத்துல அண்ணனா நின்னு என் கையில பொரி போடறது யாருன்னு இவங்களுக்குள்ள சண்டை. அதத்தான் இப்படி வந்து ஒளறுறாங்க." எங்கள் பக்கம் திரும்பினாள். "என்னண்ணே, அப்படித்தானே?"

அந்த 'அண்ணே' என் நெஞ்சில் விழுந்த இடம் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

"ஆமா தங்கச்சி," என்றான் மாணிக்கம். அதிலும் முந்திக்கொண்டான், படுபாவி. நானும் தலையாட்டினேன்.

அந்த அம்மா லேசில் நம்புகிற ஆளில்லை. "அப்படின்னா ரெண்டு பேருமே போடட்டும். நானே பக்கத்துல நின்னு பாக்கிறேன்," என்றார். சொன்னபடியே கல்யாணத்தன்று ஓமகுண்டத்தின் அருகே நின்று, சுங்க அதிகாரி மாதிரி எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜாவின் உள்ளங்கையில் நான் பொரி போட்டேன், மாணிக்கம் போட்டான், அவள் அதைத் தீயில் சொரிந்தாள். பொரியோடு எங்கள் காதலும் போயிற்று.

அண்ணன் உறவு அதோடு விடவில்லை. அவள் பிள்ளைகளுக்குக் காது குத்தியது எங்கள் மடியில்தான். அவள் மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர்த்தட்டை நானும் மாணிக்கமும் தலையில் சுமந்து போனோம். சேர்ந்து தட்டுச் சுமக்கிறவர்கள் எத்தனை நாள்தான் பேசாமல் இருக்க முடியும்?

இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், புதிதாக வந்தவர்களிடம் என் மனைவி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்:

"இவரு பொண்ண விட்டுக்கொடுக்கப் போயி, மாப்பிள்ளைக்கு மச்சானாகித் திரும்பி வந்தவரு."

மாணிக்கத்தின் மனைவி அலுப்போடு சொல்வாள், "எங்க வீட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு."