தணிகாசலத்தின் சப்வூஃபர் பெட்டி

ஒரு காட்டில் தார் ரோடு போட்டார்கள். போட்ட வேகத்தில் மிருகங்கள் எல்லாம் கார் வாங்கின. தணிகாசலம் என்ற முயலும் வாங்கியது. சின்னக் கார். மனைவி அமிர்தவல்லியும், முயல் வீட்டில் வழக்கமாக இருக்கிற அளவுக்குக் குழந்தைகளும் ஏறிக்கொண்டால் கியரைத் துழாவித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் காருக்கு யாரும் வழி விடுவதில்லை. ஹாரன் அடித்தால் எருமை திரும்பிக்கூடப் பார்க்காது. சிறுத்தையின் கார் வந்தால் மட்டும் ரோடே ஒதுங்கும். அதன் டிக்கியில் சப்வூஃபர் இருந்தது. அடிச்சத்தத்தை மட்டும் உறுமுகிற அந்த ஸ்பீக்கர் போட்ட போடில் ஓரத்து மரங்களில் காய் உதிரும்.

ஒருநாள் சிறுத்தை உரசிக்கொண்டு போனதில் தணிகாசலத்தின் கார் பள்ளத்தில் இறங்கியது.

“ஏம்ப்பா, நீங்க அதை ஒண்ணுமே கேக்கலை?” என்றது கடைக்குட்டி.

அன்றைக்குத் தணிகாசலத்துக்குப் புல் இறங்கவில்லை. மறுநாள் அது ஒரு சப்வூஃபர் ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டு, கொண்டையன் ஆசாரி என்ற மரங்கொத்தியைக் கூட்டிவந்தது.

“ஸ்பீக்கர் யாரு வேணா வாங்கலாம்ணே. அதைப் பொருத்துற பெட்டிதான் விஷயம். பெட்டிக்குள்ள காத்து நிக்கணும். அதுக்கு இடம் எங்க?” என்றது ஆசாரி.

“டிக்கியில.”

ஆசாரி டிக்கியைத் திறந்தது. உள்ளே குழந்தைகள் உட்கார்ந்திருந்தன.

“சீட்டுக்கு அடியில?”

குனிந்து பார்த்தது. அங்கேயும் இருந்தன.

“ஸ்டெப்னியைக் கழட்டிட்டா?”

“அதை எப்பவோ கழட்டியாச்சு. அங்கதான் எங்க பெரியவன் உக்கார்றான்” என்றது அமிர்தவல்லி.

கடைசியில், டிக்கியின் ஓரத்தில் சக்கர மேட்டுக்குப் பின்னால் ஒரு குழிவு அகப்பட்டது. ஆசாரி அந்த வளைவுக்கு அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தது. அதே அளவில் பலகை அறுத்து, பசை தடவி, ஸ்க்ரூ முடுக்கியது. பாட்டைப் போட்டதும் பெட்டி சீட்டி அடித்தது.

“காத்து ஒழுகுது” என்று மூலைகளில் சிலிக்கான் பூசியது ஆசாரி. சீட்டி நின்றது. ஆனால் அடி விழவில்லை. தகரத்தைத் தட்டுவது போலக் கேட்டது.

“பெட்டி சிறிசுண்ணே. உள்ள பஞ்சு அடைச்சா, பெரிய பெட்டியில இருக்கோம்னு ஸ்பீக்கர் நம்பிடும்.”

“ஏமாத்தணுமா?”

“அதேதான்.”

பஞ்சுக்கு எங்கே போவது? அமிர்தவல்லி குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துச் சீவியது. கொஞ்சம் குறைந்ததால் தன் வயிற்று ரோமத்தையும் பிடுங்கிக் கொடுத்தது.

குடும்பம் மொத்தமும் ஏறிக்கொண்டது. தணிகாசலம் பாட்டைப் போட்டது.

தொம்! தொம்!

ஆபத்து வந்தால் பின்னங்காலால் தரையை அடித்துச் சொல்வது முயல்களின் வழக்கம். பெட்டி அதையேதான் சொன்னது. பல நூறு முயல்கள் சேர்ந்து சொல்கிற மாதிரி சொன்னது. கண் மூடித் திறப்பதற்குள் ஜன்னல் வழியாகவும் டிக்கி வழியாகவும் குதித்து எல்லாம் வளைக்குள் போய்விட்டன. தணிகாசலத்துக்கும் கால் துடித்தது. சீட் பெல்ட் போட்டிருந்ததால் போக முடியவில்லை.

வளை வாசலில் போய்க் கெஞ்சியது.

“அமிர்தம், அது வெறும் பாட்டு. வெளிய வா.”

“எனக்குத் தெரியுதுங்க. காலுக்குத் தெரியலையே. நீங்க அதைக் கழட்டிட்டு வாங்க, நாங்க ஏறிக்கிறோம்.”

தணிகாசலம் கண் கலங்கத் திரும்பி வந்தது. பெட்டியைக் கழற்றச் சொல்லத்தான் வாயைத் திறந்தது. அதற்குள் ஆசாரி காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டது.

“அட, இவ்வளவு இடம் இருக்கே! பின்சீட்டைத் தூக்கிட்டா பெரிய பெட்டியே போடலாம்ணே.”

தணிகாசலம் வளையைப் பார்த்தது. காரைப் பார்த்தது.

“எவ்வளவு பெரிசு?” என்று கேட்டது.

இப்போது அந்தக் கார் வந்தால் எருமை ஒதுங்குகிறது. சிறுத்தையும் ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, போகட்டும் என்று காத்திருக்கிறது. முதல்முறை அப்படி நடந்தபோது தணிகாசலம் பூரித்துப்போய், “பாத்தியா அமிர்தம்!” என்று பின்னால் திரும்பியது. பெட்டி இருந்தது. அதனிடமே இன்னொரு முறை சொன்னது.

நீதி: இடம் பத்தவில்லையே என்று கவலைப்படாதே, சத்தத்தைக் கூட்டு, இருக்கிறவர்கள் இறங்கிக்கொள்வார்கள்.