தெளியாத மாம்பழச் சாறு

“உங்க என்சைம் தூங்குது மேடம்,” என்றார் பூபதி. குருபரப்பள்ளி மாம்பழச்சாறு ஆலையின் மேற்பார்வையாளர் அவர்.

ஓசூர் கம்பெனியிலிருந்து அடித்துப்பிடித்து வந்திருந்தாள் சுசித்ரா. அவள் சொந்தமாக உருவாக்கிய முதல் என்சைம் அது. கலங்கிய சாற்றைத் தெளிய வைப்பதுதான் அதன் வேலை. நேற்று மாலையே தொட்டியில் கலந்தாயிற்று. தெளியாவிட்டால் அனுப்பிய என்சைம் டிரம்மெல்லாம் திரும்பி வந்துவிடும். அவளும் பழையபடி அடுத்தவர் சரக்கைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பூபதி தானே தொட்டிப் பக்கம் போய்ப் பாத்திரம் நிறையப் பிடித்து வந்தார். மஞ்சளாக, ஒரே கலங்கல். சுசித்ரா இனிப்பை அளந்தாள். நாற்பது சதவீதம்.

“இவ்ளோ சர்க்கரையா?”

“இந்த வருசம் பழம் நல்ல இனிப்புங்க,” என்றார் பூபதி, மரத்தைத் தானே வைத்தவர் போல.

“அதான் சார் பிரச்சினை. சர்க்கரை தண்ணிய இழுத்துப் பிடிச்சுக்குது, என்சைம் நகர முடியல. சூடு பண்ணினா வேகம் வரும்.”

பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிச் சூடு பண்ணினார்கள். ஆவி போனதுதான் மிச்சம், இன்னும் கெட்டியானது.

“சூட்டுல செத்துப்போச்சோ?”

அவளுக்கும் அந்தப் பயம் வந்தது. என்சைமைக் காப்பாற்ற சார்பிட்டால் என்ற இனிப்புப் பாகை ஊற்றினாள். அது சூட்டைத் தாங்க வைக்கும். ஆனால் சர்க்கரையின் பங்காளி, வேகத்தையும் குறைத்தது. கடைசியில் என்சைமையே இரட்டிப்பாக ஊற்றினாள். ஊற்றிய பிறகுதான் அது பாகு போன்ற கிளிசரினில் கலந்து வருவது உறைத்தது. கரண்டி பாத்திரத்தில் நட்டுக்கொண்டு நின்றது.

“ஓனருக்கு என்னன்னு சொல்லட்டும்?” பூபதியின் குரல் இறங்கிவிட்டது.

அப்போது தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மாதேஸ்வரி எட்டிப்பார்த்தாள். “சார், சாறு எப்ப பாட்டில்ல அடைக்கறது? காலையில இருந்து ரெடியா இருக்குது.”

“எந்தச் சாறு?”

“மேடம் கொடுத்த மருந்த நேத்து கலந்தோமே, அந்தக் கோடித் தொட்டி. கண்ணாடியாட்டம் தெளிஞ்சிருக்குதுங்க.”

மூவரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தொட்டியின் அடி வரை தெரிந்தது. சுசித்ரா அங்கேயே ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். பூபதி கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

“அப்போ நான் பிடிச்சுட்டு வந்தது?”

மாதேஸ்வரி அடுப்படிக்குத் திரும்பி வந்து கரண்டியை வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“இது ஜாமுக்கு நேத்து சர்க்கரை போட்டு வெச்ச கூழுங்க. மேடம் பதமா கிண்டியிருக்காங்க, எறக்கிடலாமா?”