கொட்டாஞ்சேனையில் மரம் மூச்சு விட்ட நாள்

புதிதாகப் பட்டம் வாங்கிய ஆர்கிடெக்ட் ஒருத்தியிடம் நாய்க்கூண்டு கட்டும் வேலையைக்கூடக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு நிறையவே உண்டு. இருபத்தைந்து வயதில் என்னிடம் ஒரு நூலகத்தையே கொடுத்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதிபர் ஒரு கன்னியாஸ்திரி, எல்லோருக்கும் சிஸ்டர். அங்கே காலியாகக் கிடந்த ஒரே அறையைக் கன்டீன் ஆக்க வேண்டும் என்றது பெற்றோர் சங்கம். நூலகம்தான் என்று சிஸ்டர் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் மேலிடத்து அதிகாரி ஒருவர் தீர்ப்புச் சொன்னார். திறப்பு விழாவுக்குத் தானே வருவாராம். பிள்ளைகள் அரை மணி நேரம் உட்கார்ந்து வாசிப்பதைக் கண்ணால் கண்டால் நூலகம், இல்லாவிட்டால் கன்டீன். (அந்தப் பிள்ளைகள் அரை மணி நேரம் எங்கேயாவது உட்கார்ந்ததாகச் சரித்திரம் கிடையாது.)

என் தலைக்குள் அப்போது சூழலுக்கு இசைந்த கட்டடக்கலை என்கிற பேய் குடியிருந்தது. உள்ளூர்ப் பொருளைத்தான் பாவிப்பேன் என்று முதல் சந்திப்பிலேயே மூங்கில், களிமண், தென்னங்கிடுகு என்று அடுக்கினேன். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, இது கொட்டாஞ்சேனை. இங்க மூங்கில் எங்க முளைக்குது?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். கொட்டாஞ்சேனையின் உள்ளூர்ப் பொருள் என்ன? துறைமுகம்! சாமான் அடுக்கி இறக்கும் மரத்தட்டுகள், பலட் என்பார்கள், பழசானதும் அந்தப் பக்கத்து யார்டுகளில் மலையாகக் குவிந்து கிடக்கும். அவற்றைப் பிரித்தால் அலுமாரி, பெஞ்சு, சுவர்ப் பலகை எல்லாம் ஆயிற்று. சுவரின் அடியில், தரையை ஒட்டிப் பழைய மண் குழாய்களைப் பதித்தேன். கடல் காற்று அவற்றின் வழியே நுழைந்து மேலே வெளியேறும், மின்விசிறியே தேவையில்லை. அன்றைக்கு எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். (உண்மையாகவே. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எழும்பி வேறு இடம் போய்விட்டார்.)

மரவேலைக்கு அந்தோனி பாஸ். (எங்கள் ஊரில் பாஸ் என்றால் தச்சர். ஆனால் முதலாளி மாதிரித்தான் நம்மைப் பார்ப்பார்.)

"மிஸ், ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சிருவோமா?" என்றார்.

"வேண்டாம் பாஸ். வார்னிஷ் அடிச்சால் மரம் மூச்சு விடாது."

"மரம் மூச்சு விடணுமா?"

"கட்டாயம் விடவேணும்."

அதோடு விட்டேனா? கால் மணி நேரம் விரிவுரை நடத்தினேன். பாஸ் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, விடட்டும்" என்றார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு பூராவும் மழை. காலையில் வெள்ளவத்தையிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சுத்த சைவம். எங்கள் ஃபிளாட்ஸில் ஆறு மாடிக்கும் "மகள் கட்டின லைப்ரரி" என்று அறிவித்துவிட்டு, பட்டுச் சேலையோடு வந்திருந்தார். நான் பெருமையோடு கதவைத் திறந்தேன்.

மரம் மூச்சு விட்டது. ஐயோ, என்ன மூச்சு!

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். "பிள்ளை, லைப்ரரி எண்டெல்லோ சொன்னனி? இது கருவாட்டுக் கடை மாதிரியெல்லோ மணக்குது!"

நான் பாஸைப் பார்த்தேன். பாஸ் கூரையைப் பார்த்தார்.

"மிஸ், அது கருவாட்டு மூட்டை அடுக்கின பலட். வெயில்ல காய்ஞ்சிருந்தா தெரியாது, ஈரம் பட்டாத்தான் கெளம்பும். அதுக்குத்தானே வார்னிஷ் கேட்டேன்?"

"அதை ஏன் அப்பவே சொல்லேல்ல?"

"நீங்க எங்க மிஸ் என்னைப் பேச விட்டீங்க?"

பெற்றோர் சங்கத் தலைவர் உள்ளே வந்து நெஞ்சு நிறைய ஒருமுறை இழுத்தார். "சிஸ்டர், கன்டீன் வாசனை தானாவே வந்திருச்சு. இனி அடுப்பு மட்டும் வச்சாப் போதும்."

சிஸ்டர் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அவரே அடுக்கி வைத்திருந்தார். அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் வெளியே மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒன்றுகூட உள்ளே வர மாட்டேன் என்கிறது. வாசலில் அதிகாரியின் வாகனம் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து மண் குழாய் ஒன்றின் வழியே ஒரு பூனை உள்ளே வந்தது. பின்னால் இன்னொன்று. அளவெடுத்துச் செய்தது போல ஒரு குழாய்க்கு ஒரு பூனை. என் காற்றோட்டத் திட்டம் அவ்வளவு சிறப்பாக வேலை செய்து, வாசனையைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது! மொத்தம் ஏழு பூனைகள் அலுமாரிகளை நக்கத் தொடங்கின.

"பூனை! பூனை!" என்று பிள்ளைகள் மூக்கை விட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார்கள்.

சிஸ்டர் பட்டென்று விழித்துக்கொண்டார். "சத்தம் போட்டா ஓடிடும்! ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துட்டு அசையாம இருந்தாத்தான் மடியில வரும்!"

முப்பத்தொரு பிள்ளைகளும் ஆளுக்கொரு புத்தகத்தோடு சிலைபோல் உட்கார்ந்துவிட்டார்கள். நக்கிக் களைத்த பூனைகள் ஒவ்வொரு மடியாகத் தேடிப் படுத்தன. பூனை படுத்த மடிக்காரர் எழும்பவே மாட்டார். மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்து, வேறு வழியில்லாமல் வாசிக்கத் தொடங்கினார்கள்.

அதிகாரி கைக்குட்டையோடு உள்ளே வந்தார். "பூசோ கீயக் இன்னவத?" என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டார், எத்தனை பூனைகள் என்று. நான் பதில் சொல்வதற்குள் அவர் பெஞ்சில் அமர, குண்டுச் செம்பட்டைப் பூனை ஒன்று அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் ஏறிச் சுருண்டுகொண்டது. மனிதர் அசையவில்லை. கைக்கு எட்டிய ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அரை மணி நேரம் ஒரு மணி நேரமானது. யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

கடைசியில் நூலகத்துக்கான படிவத்தைச் சிஸ்டரிடம் நீட்டினார். "இன்று பயன்படுத்தியோர்" என்ற இடத்தில், பொய் சொல்லத் தெரியாத சிஸ்டர் எழுதினார்: மாணவர் முப்பத்தொன்று, பூனை ஏழு. அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார். பூனையை எழுப்பாமல், குனிந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

சிஸ்டர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சங்கத் தலைவர் மட்டும் மூலையில் கால் மாற்றக்கூட முடியாமல் இருந்தார். அவர் மடியிலும் ஒன்று.

மறுநாளே பாஸ் மூன்று கோட் வார்னிஷ் அடித்தார், ஒவ்வொரு கோட்டுக்கும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தபடி. வாசனை போய்விட்டது, பூனைகள் போகவில்லை. நூலகத்தின் சரியான பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எந்தத் த்ரீவீல்காரருக்கும் தெரியாது. "பூனை லைப்ரரி" என்றால் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ கட்டடங்கள் கட்டிவிட்டேன். ஒன்றுக்கும் வீட்டில் மதிப்பில்லை. எங்கள் ஃபிளாட் பல்கனியில் எந்தப் பூனை வந்து நின்றாலும், அம்மா குசினியில் சமைத்தபடியே ஆறு மாடிக்கும் கேட்கக் குரல் கொடுப்பார்:

"பிள்ளை, உன்ர வாசகர் ஒராள் வந்து நிக்கிறார். என்ன புத்தகம் வேணுமெண்டு கேள்!"