இலக்கம் சுரண்டுவோர்

அரிசி பதுக்குவோர், சீனி பதுக்குவோர் எல்லாம் சாதாரண ஆட்கள். நான் சொல்ல வருவது வேறோர் இனம்: ஒரு விஷயம் தம்மைத் தவிர வேறு எவருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள். முதல்தர மாதிரி பார்க்க விரும்பினால் திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு வாருங்கள். மீன்பிடி வள்ளங்களின் ஜிபிஎஸ் கருவிகளைத் திருத்தும் சோமசேகரம் அங்கே இருக்கிறார்.

திருத்தத்தை விட விளக்கம் அதிகம். அதிநுட்பமான சிப்பைப் பொறிக்கும் யந்திரத்தை ஒல்லாந்தில் ஒரேயொரு கொம்பனி செய்கிறது, அதைக் கொண்டு பெரும்பகுதி சிப்பைத் தாய்வான் அடிக்கிறது, மேலே பூசும் திரவத்துக்கு யப்பானைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இப்படி உலகமே ஒற்றை நூலில் தொங்குகிறது என்று கண்கலங்கச் சொல்வார்.

"ஒருத்தனை நம்பி எல்லாரும் இருக்கிறது எவ்வளவு மோசம் பாருங்கோ. தாய்வானில நிலம் அதிர்ந்தா உங்கட வள்ளம் நிக்கும்."

"அதிராமலே ரெண்டு கிழமையா நிக்குது, ஐயா," என்றார், தன் வள்ளத்தின் கருவியைத் திருத்தக் கொடுத்திருந்த கிண்ணியா றுவைஸ்.

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் இந்தக் கடலில் தொழில் இல்லை; அதற்குப் பத்தே நாள். மீன் கூடும் கடலடிப் பாறைகள் நாற்பது. அவை எங்கே என்பது அந்தக் கருவிக்குள் மட்டும்.

பழுது ஒரேயொரு சிப். இலக்கத்தைச் சொன்னால் கொழும்பிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வரும். சிப்பின் மேல் இலக்கம் இல்லை. போன வருடம் இதே சிப்பை மாற்றியபோது, மற்றக் கடைக்காரன் பார்த்துவிடக் கூடாதென்று அதன் இலக்கத்தைப் பிளேடால் சுரண்டியவர் யார்? சோமசேகரமேதான். எங்காவது எழுதி வைத்தாரா? எழுதினால் யாராவது வாசித்துவிட மாட்டார்களா?

பூதக்கண்ணாடியால் அரை மணித்தியாலம் பார்த்தார்.

"இது தாய்வான் பிரச்சினை," என்றார்.

றுவைஸோடு கடலுக்குப் போகும் அகீலுக்குப் பொறுக்கவில்லை; றுவைஸிடம் திரும்பினான். "மச்சான், நீயாவது அந்த இடங்கள ஒரு கொப்பியில எழுதி வெச்சிருக்கலாமே?"

"எழுதினா நீ பாப்பாய்."

"நான் உன்ட வள்ளத்திலதானே வாறன்?"

"இப்ப வாறாய்."

வாடை பிறந்துவிட்டது. வள்ளம் கரையேறிக் கிடக்கிறது. நாற்பது பாறைகளும் எங்கே என்பது இப்போது மீன்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால், உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டரை எந்த இடத்தில் தட்டினால் ஓடும் என்று வேறு யாருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா? "நான் இல்லாட்டி இந்த வீட்டில ஒண்டும் நடக்காது" என்று நேற்றும் அலுத்துக்கொண்டீர்களே, எவ்வளவு சந்தோஷமாக.