பிண்ணாக்குக் கடைத் துப்பாக்கி அண்ணாச்சி

துப்பாக்கியைப் பற்றித் துப்பாக்கி அண்ணாச்சிக்குத் தெரிந்த அளவு, பாஞ்சாலங்குறிச்சிக்குப் படையோடு வந்த வெள்ளைக்காரத் தளபதிக்கே தெரிந்திருக்காது. அதைக் கண்டு அண்ணாச்சி பயந்த அளவு, அந்தத் தளபதியை எதிர்த்து நின்றவர்கள் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்துகொண்டு கோவில்பட்டியில் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் விற்றுக்கொண்டிருப்பவர் அவர்.

நான் அந்த ஊரில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையில் இருந்தபோது அவர் கடை மாடியில்தான் குடியிருந்தேன். அவர் வாங்கும் துப்பாக்கிப் புத்தகங்கள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். படம் பார்ப்பது அவர் பொறுப்பு, படித்துச் சொல்வது என் பொறுப்பு. ஒரு துப்பாக்கியின் உறுப்புகளைப் பற்றி ராச்சாப்பாடு ஆறிப்போகும்வரை படித்துச் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டு, ஏதோ கச்சேரி கேட்டவர் மாதிரித் தலையை ஆட்டுவார்.

கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் மாட்டார். புதூர்ப் பக்கமிருந்து ஆட்டுக்குத் தவிடு வாங்க வந்த ஒருவரிடம் ஒருநாள் ஆரம்பித்தார்.

"ஒமக்குத் தெரியுமாவே? அந்தக் காலத்துத் துப்பாக்கியில மருந்து கெட்டிச்சி முடிக்கதுக்குள்ள, எதிராளி வெத்தல போட்டு, துப்பிட்டு, நெதானமா ஓடிப் போயிரலாம்."

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. போன மூட்டையில பாதி உமியாக் கெடந்துச்சே, அது எப்படி?"

அதற்கு அண்ணாச்சியிடம் புத்தகம் இல்லை.

அறிவு இப்படி என்றால் தைரியம் வேறு மாதிரி. எதிரே பஞ்சர் கடையில் ஒரு லாரி டியூப் வெடித்தது. நான் திரும்பிப் பார்த்தால் கல்லாவில் ஆள் இல்லை. பருத்திக்கொட்டை மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, "தம்பி, முடிஞ்சிட்டா?" என்று குரல் மட்டும் வந்தது. வேட்டுப் போடும் கல்யாணங்களுக்கு ஊர்வலம் எல்லாம் ஓய்ந்த பிறகு, பந்தி நேரத்துக்குத்தான் போவார். தீபாவளிக்கு முந்தின நாளே இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அன்று தீவனம் வேண்டுமென்றால் விரலைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

இந்தப் புத்தகங்களை அவர் வாங்கும் இடம் பஜாரில் பாய் ஒருவரின் கடை. பள்ளிக்கூட நோட்டும் கைடும்தான் அங்கே வியாபாரம். மற்ற புத்தகம் வேண்டுமென்றால் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். பாய் முதலாளி என்று பெயர்தான்; ஆட்சி கனியக்காவுடையது. நாற்பது வயதுக்கு மேலே, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் விற்பனைக்கார அம்மாள். அந்தப் பார்வைக்குப் பயந்து பள்ளிக்கூட வாத்தியார்களே பேனாவைத் தரையில் உதறிப் பார்க்க மாட்டார்கள்.

அண்ணாச்சி முன்னால் போய் நின்றதும் கேள்வி வரும்.

"இப்ப யாரச் சுடப் போறீய?"

"யாரையும் இல்லம்மா. சும்மா படிக்கதுக்கு."

"படிச்சி?"

"படிச்சி... வச்சிக்கிடுததுக்கு."

"இந்தா, கறவமாடு வளர்ப்பு வந்திருக்கு. யோகாசனம் இருக்கு. நூறு வகைச் சட்னி இருக்கு. மனுசன் இதையெல்லாம் படிக்கக் கூடாதா?"

உள்ளேயிருந்து பாய், "ஏம்மா, வந்த ஆள்ட்ட வியாபாரத்தப் பாரு" என்பார். "நீங்க சும்மா இருங்க மொதலாளி. நாளைக்குப் போலீஸ் வந்தா நீங்களா பதில் சொல்லுவீய?" என்றதும் பாய் மறுபடி பேப்பருக்குள் போய்விடுவார்.

கடைசியில் புத்தகத்தைக் கொடுத்துவிடுவாள். கொடுக்கும் விதம்தான் கொடுமை. பழைய காலண்டர் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, சணல் போட்டு இறுக்கி, யாரும் பார்க்கக் கூடாத ஏதோ ஒன்றை ஒப்படைப்பதுபோல் மேஜைக்குக் கீழாக நீட்டுவாள். பில்லில் பெயர் எழுத மாட்டாள். 'படப்புத்தகம்' என்று மட்டும் போடுவாள். அண்ணாச்சி அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, சந்து வழியாக வீடு வந்து சேர்வார்.

அந்த வருடம் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம். மக்காச்சோளத்தைப் பன்றி மேய்கிறதென்று அந்தப் பக்கம் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் சிலரிடம் துப்பாக்கி உண்டு. அண்ணாச்சி அந்த நேரம் பார்த்து ஒரு தடித்த புத்தகம் கேட்டுப் போனார். கனியக்கா எரிச்சலில் சொல்லியிருக்கிறாள்:

"துப்பாக்கிக்காரவுக எல்லாம் ஸ்டேசன்ல ஒப்படைக்காவ. நீங்க இன்னும் ஒங்க புஸ்தகத்த ஒப்படைக்கலியா?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அண்ணாச்சி நேரே வீட்டுக்கு வந்து, அத்தனை புத்தகத்தையும் ஒரு பிண்ணாக்குச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

"அண்ணாச்சி, அவ கேலிக்குச் சொல்லியிருப்பா."

"கேலியோ என்னமோ. பின்னால ஒரு கேள்வி வந்துரக் கூடாது தம்பி. நீயும் வா."

ஸ்டேஷனில் வரிசை. எங்களுக்கு முன்னால் பசுவந்தனைக்காரர் ஒருவர் துண்டில் சுற்றிய துப்பாக்கியோடு நின்றார். அண்ணாச்சி காதில் அடைத்து வந்திருந்த பஞ்சைச் சரிசெய்துகொண்டு, தள்ளியே நின்று கெஞ்சினார்.

"கொழாய அந்தப் பக்கம் திருப்பிக்கிடுங்களேன்."

"உள்ள ஒண்ணும் இல்லவே."

"அது அதுக்குத் தெரியாதுல்லா."

எங்கள் முறை வந்தது. "சாக்குல என்னவே?" என்றார் ஏட்டையா.

"துப்பாக்கிதான் ஐயா."

"எத்தன?"

"பதினேழு."

ஸ்டேஷனே எழுந்து நின்றது. சாக்கைக் கொட்டிப் பார்த்த பிறகு பாதிப்பேர் சிரித்தபடி உட்கார்ந்தார்கள். ஆனால் உள்ளேயிருந்து வந்த இளம் சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தேர்தல் நேரம்; அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். பிண்ணாக்குக் கடைக்காரருக்கு இத்தனை துப்பாக்கிப் புத்தகம் எதற்கு, விற்றது யார் என்று கேட்டார். புத்தகத்துக்குள் கிடந்த பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, கடையிலிருந்து ஆள் வரச் சொன்னார். விசாரித்து முடியும்வரை புத்தகம் எதுவும் வெளியே போகாது என்றும் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி முகத்தில் ரத்தம் இல்லை. பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாத மனுஷர். அவருக்கென்று இருந்தது கடையும் அந்தச் சாக்கும்தான். வரப்போவதோ கனியக்கா. 'நான் அப்பமே சொன்னேன் சார்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாக்கு போனது போனதுதான்.

கனியக்கா வந்தாள். மேஜைமேல் கிடந்த புத்தகங்களையும், சுவரோரம் ஒண்டி நின்ற அண்ணாச்சியையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"நாங்கதான் வித்தோம் சார். புஸ்தகம் வாங்கினா குத்தமா?"

"பில்லுல 'படப்புத்தகம்'னு போட்டிருக்கே?"

"உள்ள படம் இருக்குல்லா சார்."

எஸ்.ஐ. அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எதுக்கு இதெல்லாம்?"

"நேர்ல பாக்கப் பயமா இருக்கு சார். புஸ்தகத்துல வெடிக்காதுல்லா. எவ்வளவு நேரமானாலும் பாத்துக்கிட்டு இருக்கலாம்."

அதே நேரத்தில் ஏட்டையா, பசுவந்தனைக்காரரின் துப்பாக்கியில் தோட்டா இல்லைதானே என்று பார்க்க அதை மடக்கித் திறந்தார். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அண்ணாச்சியைக் காணோம். கனியக்காவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"கொட்டாவிச் சத்தத்துக்கே ஒளியுத ஆளு சார் இவரு" என்றாள் கனியக்கா. எஸ்.ஐ. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. புத்தகங்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பெரிய படப்புத்தகம் ஒன்று மட்டும் தேர்தல் முடியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று ஏட்டையா ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். "ஒனக்குத்தான் இந்தப் புஸ்தகம்னாலே ஆவாதேம்மா?" என்று அண்ணாச்சி மெல்லக் கேட்டார்.

கனியக்கா டீ கிளாஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "எங்க அப்பாவுக்கு வலது கையில பாதிக் கை கெடையாது. பன்னி வெரட்டப் போன எடத்துல நாட்டுத்துப்பாக்கி வெடிச்சிட்டு. நான் அப்ப சின்னப்பிள்ள." டீயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அது ஏன் அப்படி வெடிக்குன்னு இதுல போட்டிருக்கா?"

அண்ணாச்சி அங்கேயே சாக்கை அவிழ்த்தார். தேடவே இல்லை, கையை விட்டு எடுத்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரித்தார். வாழைப்பூ மடல்போலக் குழாய் கிழிந்து விரிந்திருந்த ஒரு படம். நான் கீழே இருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"மழ பெஞ்ச காடா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஐப்பசி மழ. செருப்போட அப்பிக்கிட்டு வரும்லா மண்ணு."

"அப்பம் கொழாய் மொனைய எங்கனயாவது தரையில ஊணியிருப்பாவ. கரிசலு உள்ள போயி அடச்சிக்கிடும். சுட்டா வெளிய போக வழி இல்ல. கொழாயே கிழிஞ்சிரும்."

"குடிச்சிட்டுச் சுட்டாருன்னுதான் ஊரே சொல்லிச்சு. எங்க அம்மையும் அதையேதான் சொன்னா."

"அங்கன என்ன நடந்துச்சோ, எனக்குத் தெரியாதும்மா. ஆனா இதுக்குக் குடிச்சிருக்கணும்னு இல்ல. மண்ணு அடச்சிருந்தா யாருக்கும் வெடிக்கும்."

கனியக்கா அந்தப் படத்தை விரலால் தடவினாள். "சாவுத வரைக்கும் எங்கிட்ட 'நான் குடிக்கலட்டி, நான் குடிக்கலட்டி'ன்னுதான் சொன்னாரு" என்றாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அண்ணாச்சி அவளுக்கு இன்னொரு டீ சொன்னார்.

அதற்காக அவள் மாறிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். "இப்ப யாரச் சுடப் போறீய?" என்ற கேள்வி இன்றைக்கும் உண்டு. காலண்டர் தாளும் சணலும் 'படப்புத்தக' பில்லும் உண்டு. போன ஐப்பசியில் கோவில்பட்டிக்குப் போயிருந்தபோது நானே பார்த்தேன். புத்தகத்தைக் கட்டி முடித்துவிட்டு, டிராயரைத் திறந்து இரண்டு உருண்டைப் பஞ்சை எடுத்துச் சணலுக்கு அடியில் செருகினாள். "தீவாளி வருதுல்லா" என்று சிடுசிடுத்தாள். அண்ணாச்சி கோயில் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். தீபாவளி காலையில் முதல் வெடிச்சத்தம் கேட்டதும் துப்பாக்கி அண்ணாச்சிக்குத்தான் போன் போடுகிறேன். ஒருதடவையும் எடுத்ததில்லை. காதில் பஞ்சு இருக்கும். அது யார் கொடுத்த பஞ்சு என்று நினைத்துக்கொண்டே மணி அடித்து ஓயும்வரை போனைக் காதில் வைத்திருப்பேன். எனக்கு அதுதான் தீபாவளி.