குற்றாலத்திலிருந்து ஒரு மோசடி அழைப்பு

இனி இந்த வீட்டில் யாரும் ஏமாறக் கூடாது என்று சிவசைலம் முடிவெடுத்த அன்று, அவர் போனுக்கு இருபத்தேழாவது தடவையாக அந்தப் பதிவு செய்த பெண் குரல் வந்திருந்தது. கிரெடிட் கார்டு இன்றே முடக்கப்படும், ஒன்றை அழுத்தவும் என்றது. தென்காசியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் சிவசைலத்திடம் கிரெடிட் கார்டே கிடையாது. ஆனாலும் இல்லாத கார்டுக்காக அரை மணி நேரம் வியர்த்து விறுவிறுத்துப் போனார். அந்த அவமானத்தில் பிறந்தவைதான் விதிகள்.

குத்துக்கல்வலசையில் இருந்த தன் வீட்டு ஃபிரிட்ஜில் சார்ட் ஒட்டினார். ஒன்று, தெரியாத நம்பரிலிருந்து யார் பேசினாலும் வீட்டு விஷயம் ஒன்று கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னால் மோசடி. இரண்டு, 'யாரிடமும் சொல்லாதே' என்றால் மோசடி. மூன்று, 'அவசரம்' என்றால் சத்தியமாக மோசடி.

"நம்ம மக பேசுனாலும் கேக்கணுமா?" என்றாள் மனைவி முத்துச்செல்வி.

"நானே பேசுனாலும் கேக்கணும். இப்பல்லாம் குரலையே கம்ப்யூட்டர்ல செஞ்சிடுதானுவ ஏட்டி!"

"நீங்க சொன்னாச் சரிதான்."

இருபத்தாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே இல்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் சாரல் பிடித்தது. வருஷா வருஷம் முத்துச்செல்வி குற்றாலத்துக்குக் கூப்பிடுவாள். கூட்டம் என்பார், உனக்குச் சளி பிடிக்கும் என்பார். பிறகு "சுரண்டையில ஏவாரம்" என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் போய்க் குளித்துவிட்டு வருவார். இந்தத் தடவையும் போனார். ஐந்தருவியில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து நின்றபோது, குரங்கு ஒன்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு மரமேறியது. பைக்குள் சட்டை, வேட்டி, போன், பைக் சாவி. மிச்சமிருந்தது ஒரு துண்டும் அதற்குள் இருந்த சிவசைலமும்தான்.

யாரோ ஒரு புண்ணியவானிடம் போன் வாங்கி வீட்டுக்கு அடித்தார்.

"செல்வி, நாந்தான். ஒரு அவசரம். துணி, பைக் சாவியெல்லாம் கொரங்கு தூக்கிட்டுப் போயிட்டு. யாருட்டயும் சொல்லாத..."

"ரெண்டு விதி அடிபட்டுப் போச்சே, தம்பி."

"தம்பியா? ஏட்டி, நான் ஒன் வீட்டுக்காரன்!"

"அப்படியா? அப்ப வீட்டு விஷயம் கேக்கேன். எங்க வீட்டுக்காரரு இப்ப எங்கன இருக்காரு?"

சிவசைலம் நழுவிய துண்டைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். சுரண்டை என்றால் வீட்டிலிருக்கும் மாற்றுச் சாவி சுரண்டைக்குப் போய்விடும்.

"குத்தாலத்துல, அஞ்சருவியில," என்றார்.

"தப்பு. அவரு சுரண்டைக்குப் போயிருக்காரு. எங்க வீட்டுக்காரரு பொய் சொல்ல மாட்டாரு."

"சொல்லுவாரு ஏட்டி! நல்லாவே சொல்லுவாரு!"

குளிக்க வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எத்தன வருஷமா சொல்லுதாரு?"

"பதினோரு வருஷமா," என்றார், தணிந்த குரலில்.

 முத்துச்செல்வியிடமிருந்து அச்சு அசலாக அந்தக் கிரெடிட் கார்டுப் பெண்ணின் குரல் வந்தது. "வீட்டுக்காரர் என்றால் ஒன்றை அழுத்தவும். மோசடிக்காரர் என்றால் இரண்டை அழுத்தவும். இரண்டும் என்றால் நின்ற இடத்திலேயே காத்திருக்கவும்."

போன் கட்டாகிவிட்டது. சிவசைலம் காத்திருந்தார்.

முக்கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டு முஃபீதின் ஆட்டோ வந்து நின்றது. முத்துச்செல்வி இறங்கி, சட்டையையும் வேட்டியையும் அவரிடம் நீட்டினாள். மறு கையில் ஒரு கூடை. அதில் நல்லெண்ணெய், சீயக்காய்த்தூள், மாற்றுச் சேலை.

"இதெல்லாம் எப்ப எடுத்து வச்ச?"

"காலையில ஏவாரத்துக்குத் துண்டும் எண்ணெயும் கொண்டு போனியளே, அப்பவே."

சாரல் அவள் முகத்தில் விழுந்தது. அருவியை அண்ணாந்து பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். சிவசைலத்துக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"இனி வருஷா வருஷம் ஒன்னயும் கூட்டிட்டு வாரேன், செல்வி." மனதாரத்தான் சொன்னார்.

"வருஷா வருஷம் இல்ல. சீசன் முடியுத வரைக்கும் வாரா வாரம்." கூடையிலிருந்து எண்ணெயையும் சீயக்காயையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவர் கையில் கொடுத்தாள். "கொரங்கு வரும். பத்திரமாப் பாத்துக்கோங்க."

பெண்கள் குளிக்கும் பக்கம் நடக்கத் தொடங்கினாள். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"ஏட்டி, பைக் சாவியக் குடுத்துட்டுப் போ! கடை பூட்டிக் கெடக்கு. அவசரம்!"

முத்துச்செல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணாம் விதி, தம்பி!"