அழிக்க முடியாத நாலு நிமிடம்

அழித்தால் வேலை போகும். அழிக்காவிட்டால் மானம் போகும். ஹோலிஸ் அந்தப் பழைய ஒலிப்பதிவுக் கருவியை முறைத்தபடி நின்றான்.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஒருவர் தன் அறையில் ரகசியமாக ஒளித்து வைத்திருந்த ரகம் அது. பேச்சுக் குரல் கேட்டால் தானே ஓடும். அந்த அதிபரின் ஒலிநாடாக்களை வைத்திருக்கும் ஆவணக் காப்பகத்தின் கண்காட்சிக்காக ரூஃபஸ் அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஓடாது என்றுதான் ஹோலிஸ் நினைத்திருந்தான்.

ஆண்களைக் காதலிக்கும் ஆண்களை அந்த அதிபர் வாய்க்கு வந்தபடி திட்டுவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது ஹோலிஸின் வேலை. மதியம் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கருவி இருந்த காலி அறையில், ரூஃபஸிடம் கேட்கப்போவதை ஒத்திகை பார்த்தான்.

"ரூஃபஸ், இருபத்திரண்டு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். நம்ம கல்யாண உரிமையைக் கோர்ட்டு பிடுங்கிடுமோன்னு டிவியில தினம் பேசுறானுங்க. அதுக்குள்ள பண்ணிக்கலாம்டா."

சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"அட நாசமாப் போக!" என்றான். அதுவும் பதிவானது.

ஒருமுறை அதே அதிபரின் நாடாவில் பதினெட்டரை நிமிடம் காணாமல் போய் நாடே ரெண்டுபட்டது. அதனால் இங்கே எதையும் அழிக்கக் கூடாது. தன் நாலு நிமிடப் பேச்சை யாரும் கேட்காதபடி சீட்டு எழுதிக் கொடுத்து மறைக்கலாம், அவ்வளவுதான்.

சீட்டு வாங்கும் கொரீன் ஏதோ கடிதம் தட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"காரணம்?"

"சொந்த விஷயம்."

"யாரைப் பத்தி? பேரு போடணும் கண்ணு."

ரூஃபஸ் பெயரை எழுதினான்.

"பேரு போட்டா அவனுக்குக் கடிதம் போகும். விதி."

"ஐயோ, நான் கேக்குறதுக்கு முந்தி அவனுக்குத் தெரியக் கூடாது!"

பெயரை அடித்தான்.

"அடிச்ச சீட்டு செல்லாது. இனி டைரக்டர் ரூம்ல எல்லாரும் உக்காந்து கேட்டுத்தான் முடிவு பண்ணணும்."

ஹோலிஸ் நாற்காலியில் சரிந்தான். "கொரீன், பத்து வருஷம் முன்னாடி அவன் கேட்டான். வேலைக்குப் பயந்து மாட்டேன்னுட்டேன். இனி ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன்னான். சொன்னா சொன்னதுதான் அவன். இந்தத் தடவை நான்தான் கேக்கணும். அவன் மூஞ்சியைப் பாத்து."

கொரீன் தட்டிக்கொண்டிருந்த தாளை உருவி அவனிடம் நீட்டினாள்.

"இந்தா, உனக்குப் போக வேண்டிய கடிதம். மிஷினைச் சோதிக்கிறப்ப என்னமோ பேசிட்டானாம், இதே நாடாவுல முதல் ஆறு நிமிஷத்தை மறைக்கச் சொல்லி ரூஃபஸ் காலையில சீட்டு குடுத்தான். உன் பேரைப் போட்டிருக்கான். அவன் கேக்குறதுக்கு முந்தி உனக்குத் தெரியக் கூடாதாம்."